பாதி பட்டன், பாதி டச்: கைக்கு ஏற்ற போன் எது?

ஆண்டாப் ஹில்லில் எங்கள் சந்தில் யாராவது வயதான அம்மாவுக்கோ, வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் அப்பாவுக்கோ போன் வாங்கக் கிளம்பினால், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “பட்டன் போன் வாங்கவா, டச் போன் வாங்கவா?” இரண்டில் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் நல்ல பதில் ஒன்று இந்தக் கேள்விக்கு வெளியே இருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. பட்டனும் டச்சும் ஒரே உடம்பில் சேர்ந்த போன்கள் ஒரு காலத்தில் கடை கடையாகத் தொங்கின. பெரும்பாலானவை பரணுக்கும் பழைய சாமான்காரருக்கும் போய்விட்டன. என் பெரியம்மா கையில் மட்டும் இன்னும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த வகைப் போனை, இன்றைக்கு ஒருவர் வாங்கிப் பயன்படுத்தினால் எப்படியிருக்கும் என்ற கண்ணோடு உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். கேமரா எத்தனை மெகாபிக்சல், மெமரி எத்தனை ஜிபி என்ற கணக்கை ஓரமாக வைத்துவிட்டேன். எந்த வேலை பட்டனில் முடிகிறது, எந்த வேலைக்குத் திரையைத் தொட வேண்டியிருக்கிறது, அந்தப் பங்கீடு ஒருவருடைய நாளுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தேன். வயதானவர்களுக்குப் போன் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்பது என் முடிவு. அதற்கு எப்படி வந்தேன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கைகள்

பெரியம்மா இட்லி வேலை செய்கிறவர். விடிகாலையில் சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி மாட்டுங்கா, சயான், தாதர் என்று சுற்றி இட்லியும் மெதுவடையும் விற்கும் நம்மூர்க்காரர்களை மும்பையில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் சைக்கிளில் ஏறுவதற்கு முன்னால் தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் சின்னச் சின்ன வீடுகளுக்குள் நடக்கும் வேலை யார் கண்ணிலும் அவ்வளவாகப் படாது. மதியம் அரிசியும் உளுந்தும் ஊறும். சாயங்காலம் கிரைண்டர் ஓடும். ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அடுப்பு பற்றிவிடும்.

இந்த நேரம் முழுக்க அவர் கையில் மாவு இருக்கும், அல்லது தண்ணீர் இருக்கும், அல்லது சட்னித் தேங்காய் இருக்கும். போன் அடிப்பதும் இதே நேரத்தில்தான். ஒரு கடையிலிருந்து இன்று இட்லி கூடுதலாக வேண்டும் என்பார்கள். சைக்கிள்காரர் ஒருவர் உடம்புக்கு முடியவில்லை என்பார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சித்தி கூப்பிடுவார். இத்தனையும் வேலைக்கு நடுவிலேயே முடிய வேண்டும். பல வருஷமாகச் சுடுபாத்திரம் பிடித்து விரல் நுனித் தோல் தடித்துப்போயிருக்கிறது. எழுத்து என்றால் தமிழ் படிப்பார். இந்தி நன்றாகப் பேசுவார், படிக்க வராது. எண்கள் எல்லாம் அத்துபடி. போனை யாருக்காக மதிப்பிடுகிறோம் என்பது இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தால்தான் மதிப்பீட்டுக்கே அர்த்தம் உண்டு.

இந்த வகை எங்கிருந்து வந்தது

2007இல் ஐபோன் வந்த பிறகு உலகம் முழுவதும் எல்லோரும் திரையைத் தடவும் போனுக்கு ஆசைப்பட ஆரம்பித்தார்கள். அந்த விலை நம் ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது. அந்த இடைவெளியில்தான் நோக்கியா, தன்னுடைய சாதாரண சீரிஸ் 40 போன்களுக்குள் தொடுதிரையைக் கொண்டுவந்தது. 2010 ஆகஸ்டில் எக்ஸ்3-02 என்ற மாடலை ‘டச் அண்ட் டைப்’ என்ற பெயரோடு அறிவித்தார்கள். 2.4 அங்குலத் தொடுதிரை, அதற்குக் கீழே எண் பட்டன்கள். அடுத்த மாதமே சி3-01. 2011இல் மேலே தள்ளினால் பட்டன் வெளியே வரும் சி2-02, அதன் இரட்டை சிம் தம்பியான சி2-03. அதே வருஷம் அக்டோபரில் லண்டனில் ஆஷா வரிசையை அறிமுகப்படுத்தியபோது ஆஷா 300, ஆஷா 303 இரண்டிலும் பட்டனும் டச்சும் சேர்ந்தே இருந்தன. 2012 பிப்ரவரியில் பார்சிலோனாவில் ஆஷா 202, 203 வந்தன. 202இல் போனை அணைக்காமலேயே ஒரு சிம்மை வெளியிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். இரண்டு மூன்று கம்பெனி சிம்களைப் பர்சில் வைத்துக்கொண்டு எதில் ஆஃபர் இருக்கிறதோ அதைப் போட்டுப் பேசிய காலம் அது.

இந்தப் போன்கள் நோக்கியாவின் பழைய பட்டன் போன்களிலிருந்து எதை எடுத்தன, எதை விட்டன என்பது முக்கியம். எண் பட்டன்கள் அப்படியே இருந்தன. அழைப்பை எடுக்கும் பச்சையும் முடிக்கும் சிவப்பும் இருந்தன. மேலே கீழே போவதற்கான நடுபட்டனும், திரைக்கு அடியில் ‘மெனு’, ‘பெயர்கள்’ என்று இரு பக்கமும் இருந்த பட்டன்களும் போய்விட்டன. அவை செய்த வேலை முழுவதும் திரைக்குப் போயிற்று. ஆகவே டச் இங்கே அலங்காரம் இல்லை. தேர்ந்தெடுக்கும் வேலை அத்தனையும் திரையில், எண் அடிக்கும் வேலை அத்தனையும் பட்டனில் என்று கோடு கிழித்துப் பிரித்திருந்தார்கள்.

நமக்கு இதில் இன்னொரு உறவும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. இந்தியாவில் விற்ற நோக்கியா போன்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. வேலை பார்த்தவர்களில் மிகப் பலர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வந்த இளம்பெண்கள். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் வியாபாரம் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனபோது, வரி வழக்கில் சிக்கியிருந்ததால் இந்த ஆலை மட்டும் கைமாறவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. சீரிஸ் 40, ஆஷா வரிசைகளையும் நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் ஜூலையிலேயே சொல்லிவிட்டது. பட்டனும் டச்சும் சேர்ந்த இந்த யோசனை, ஆட்களுக்குப் பிடிக்காமல் போனதால் மட்டும் மறையவில்லை. அதைச் செய்துகொண்டிருந்த கம்பெனியே கலைந்துபோனதும் அதற்குக் காரணம்.

திரை: அமுக்கினால் கேட்கும், தடவினால் கேட்காது

இன்றைய ஸ்மார்ட்போன் திரைக்குள் மெல்லிய மின்புலம் ஒன்று இருக்கும். நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், விரல் பட்டதும் அந்த இடத்தில் மின்புலம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்து ‘இங்கே தொட்டார்’ என்று போன் புரிந்துகொள்ளும். அதனால்தான் பட்டும் படாமலும் தடவினாலே போதும். அதே காரணத்தால் தண்ணீருக்கும் அது ஏமாறும். திரையில் ஒரு சொட்டு விழுந்தால் தானாக எங்கோ போகும். ஈர விரலை வைத்தால் ஓரிடத்தில் தொட இன்னோரிடம் திறக்கும். விரல் நுனி காய்ந்து தடித்திருந்தால் சில நேரம் தொட்டதே தெரியாது.

ஆஷா 303 போல விலை கூடிய சிலவற்றைத் தவிர, நான் சொல்லும் போன்களில் பெரும்பாலானவற்றின் திரை வேறு வகை. மேலே வளையும் பிளாஸ்டிக் படலம், அடியில் கண்ணாடி. இரண்டின் உட்புறத்திலும் கண்ணுக்குத் தெரியாத, மின்சாரம் கடத்தும் பூச்சு. இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே மிகச் சின்னச் சின்னப் புள்ளிகள். மேல் படலத்தை அமுக்கும்போது அது வளைந்து அடிக் கண்ணாடியைத் தொடும். ஒரு பூச்சில் மின்னழுத்தம் கொடுத்து, தொட்ட இடத்தில் அது எவ்வளவு என்று இன்னொரு பூச்சு வழியாக அளந்தால் இடமா வலமா என்பது தெரியும். இரண்டின் வேலையையும் மாற்றிப் போட்டு மறுபடி அளந்தால் மேலா கீழா என்பது தெரியும். அமெரிக்காவில் சாம் ஹர்ஸ்ட் என்பவரும் அவர் குழுவினரும் 1970களில் வளர்த்தெடுத்த தொழில்நுட்பம் இது. பழைய ஏ.டி.எம்.களிலும் தொழிற்சாலை இயந்திரங்களிலும் நிறைய இருந்தது.

இதற்குத் தேவை அழுத்தம் மட்டும்தான். விரலா, நகமா, பேனா மூடியா என்று அது கேட்பதில்லை. மாவுக் கையோடு பெரியம்மா விரலை மடக்கி, முட்டியால் ‘சரி’யை அமுக்குவதைப் பார்த்தேன், வேலை செய்தது. இரண்டு சொட்டுத் தண்ணீரைத் திரையில் விட்டு அமுக்கிப் பார்த்தேன், குழப்பமில்லை. ஜூலை மழையில் குரு தேக் பகதூர் நகர் ஸ்டேஷன் படிக்கட்டில் குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு என் ஸ்மார்ட்போனில் ஒரு எண்ணை அடிக்கப் படும் பாட்டை இதோடு ஒப்பிட்டால், விலை குறைந்த இந்தத் திரைதான் நம் ஊர் மழைக்குத் தோதானது.

இதற்கு விலையும் உண்டு. நடுவே இருக்கும் கூடுதல் அடுக்குகள் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் நடு வெயிலில் எழுத்து மங்கும். மேலே இருப்பது பிளாஸ்டிக் என்பதால் கீறல் விழும். தினமும் ஒரே இடத்தை அமுக்கினால் வருஷக் கணக்கில் உள்பூச்சு தேயும்; அதன் பிறகு அந்த இடம் மந்தமாகும். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கும் வேலை இதில் நடக்காது. நீண்ட பட்டியலை விரலால் இழுத்து ஓட்டுவதும் கஷ்டம், ஏனென்றால் அமுக்கிக்கொண்டே இழுக்க வேண்டும். அமுக்கம் கொஞ்சம் தளர்ந்தால் நடுவில் உள்ள ஏதோ ஒரு பெயர் திறந்துகொள்ளும்.

பட்டன்: பார்க்காமலே தெரிவது

எண் பட்டன்களின் வரிசைக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டெய்னிங்கர் என்ற ஆய்வாளர், போனில் பட்டன்களை எப்படி அடுக்கினால் ஆட்களுக்கு வேகமும் வரும், தப்பும் குறையும், பிடித்தும் இருக்கும் என்று பல விதமாக அடுக்கி, ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார். முடிவுகள் 1960இல் கட்டுரையாக வெளிவந்தன. பட்டனின் அளவு, எவ்வளவு ஆழம் உள்ளே போக வேண்டும், அமுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். 1963 நவம்பரில் பென்சில்வேனியாவில் பட்டன் போன் பொதுமக்களுக்கு வந்தது. நட்சத்திரமும் ஹாஷும் சில வருஷம் கழித்துச் சேர்ந்தன. மேலே 1, 2, 3 என்று தொடங்கும் அந்த அடுக்கைத்தான் இன்றும் உலகம் பயன்படுத்துகிறது. பல போன்களில் 5க்கு மேல் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். அதைத் தடவினால் கட்டைவிரலுக்கு மற்ற எட்டுத் திசையும் தெரிந்துவிடும். பட்டன் போனில் பார்வையில்லாதவர்களுக்கு இந்தப் புடைப்பு பெரிய உதவி.

பெரியம்மாவுக்கு முக்கியமான எண்கள் மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் தடுமாறுகிறார். போனைக் கையில் கொடுத்தால் கட்டைவிரல் தானாக ஓடுகிறது. எண் அவர் விரலில் இருக்கிறது. கண் இட்லிக் கொப்பரையில் இருக்க, கை போனில் ஓடும். இந்த அறிவு முழுத் திரைப் போனுக்கு மாறிய அன்றே வீணாகிவிடும். தொடுதிரையில் எண்கள் தெரியுமே தவிர, விரலுக்குத் தட்டுப்பட அங்கே ஒன்றுமில்லை. ஒவ்வொரு எண்ணையும் கண்ணால் பார்த்துத்தான் தொட வேண்டும். கண்ணாடி போடாமல் அதுவும் முடியாது.

தினசரி வேலைகளில் எப்படி நடந்துகொள்கிறது

*அழைப்பு.* வந்த அழைப்பை எடுக்கப் பச்சை, வைக்கச் சிவப்பு. இருட்டிலும் முடியும், மாவுக் கையிலும் முடியும். திரையில் விரலை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்ற கேள்வியே இல்லை. அழைப்பு விஷயத்தில் முழு மதிப்பெண்.

*பெயர் தேடுதல்.* இங்கேதான் பாதி டச்சின் பலவீனம் தெரியும். பழைய பட்டன் போனில் நடுபட்டனைக் கீழே கீழே தட்டிக்கொண்டு போகலாம். மெதுவாக இருந்தாலும் தப்பாது. இதில் பட்டியலை இழுக்க வேண்டும், முன்னே சொன்ன சிக்கல் வரும். பெரியம்மா கேட்டார்: “ஏட்டி, நான் செல்விய அமுக்குனா இது சேகர்ட்ட போவுது, ஏன்?” பெயர்களைக் குறைத்து, அடிக்கடி கூப்பிடுகிறவர்களை வேகஅழைப்பில் போட்டுவிட்டேன். 2ஐ அமுக்கிப் பிடித்தால் சித்தி, 3 என்றால் என் எண், 4 என்றால் மாவு அரிசிக் கடை. திரையின் வேலையைப் பட்டனுக்கு மாற்றியதும் புகார் நின்றது. பங்கீட்டை நாமே கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம் என்பது இதில் தெரிந்துகொண்ட விஷயம்.

*ஓ.டி.பி.* இன்றைக்கு எந்த வீட்டுக்கும் தவிர்க்க முடியாதது. கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் வாசலில் நின்று போனுக்கு வந்த எண்ணைக் கேட்பார். வங்கி கேட்கும், ஆதார் கேட்கும். இந்தப் போனில் செய்தி வந்ததும் திரையில் ஒரு அறிவிப்பு வரும். அதைத் தொட்டால் திறக்கும். பெரிய இலக்கு, ஒரே தொடுதல். பட்டன் மட்டும் உள்ள போனில் மெனு, செய்திகள், இன்பாக்ஸ் என்று படி இறங்குவதைவிட இது எவ்வளவோ மேல். டச் தன் சம்பளத்துக்கு உழைப்பது இந்த இடத்தில்தான்.

*குரல் வழிச் சேவைகள்.* இதைப் போன் விமர்சனங்களில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. நம் வீட்டுப் பெரியவர்களின் பாதி வேலை, “இந்திக்கு ஒன்றை அமுக்கவும்” என்று சொல்லும் குரல்களோடுதான் நடக்கிறது. வங்கி, கேஸ், ரயில்வேயின் 139 எல்லாமே அப்படித்தான். தாதர்–திருநெல்வேலி ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டதா என்று கேட்கப் பத்து இலக்க எண்ணைப் பேச்சுக்கு நடுவில் அடிக்க வேண்டும். ஸ்மார்ட்போனில் காதிலிருந்து எடுத்தால்தான் திரை விழிக்கும், பிறகு எண்பலகையைத் தேடித் திறக்க வேண்டும், அதற்குள் அந்தக் குரல் அடுத்ததற்குப் போயிருக்கும். எண் பட்டன் உள்ள போனில் கேட்டதும் அமுக்கிவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே பட்டன் வேண்டும் என்பேன்.

*செய்தி எழுதுதல்.* எழுத்தைப் பட்டனில் அடிக்க வேண்டும், அழிக்கவும் அனுப்பவும் திரைக்குப் போக வேண்டும். ஒரே வேலைக்குக் கை மேலும் கீழும் அலைய வேண்டியிருக்கிறது. பெரியம்மா செய்தி எழுதுவதில்லை என்பதால் அவருக்குப் பாதகமில்லை. எழுதுகிறவருக்கு இது எரிச்சலூட்டும். நடுபட்டனையாவது விட்டுவைத்திருக்கலாம் என்று எனக்கு இந்த இடத்தில் உறுதியாகத் தோன்றியது.

*கெட்டுப்போனால்?* முழுத் திரைப் போனில் கண்ணாடி உடைந்து தொடு உணர்வு போய்விட்டால் போனே போயிற்று. வருகிற அழைப்பைக்கூட எடுக்க முடியாது. பாதி டச்சில் திரையின் தொடு உணர்வு போனாலும் எண் அடித்துப் பேசலாம், அழைப்பை எடுக்கலாம், வேகஅழைப்பு வேலை செய்யும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று பக்கத்து வீட்டுக்கோ 108க்கோ சொல்ல வேண்டிய நேரத்தில் கீறல் விழுந்த கண்ணாடி குறுக்கே நிற்கக் கூடாது.

எது முடியாது

வாட்ஸ்அப் இல்லை. சீரிஸ் 40 போன்களுக்கு வாட்ஸ்அப் 2018 டிசம்பர் 31உடன் நின்றுவிட்டது. பட்டன் போன் பிரியர்களுக்கு அதே சமயத்தில் ஜியோபோன் கைகொடுத்தது. 2017 ஜூலையில் 1,500 ரூபாய் டெபாசிட்டில் அறிவிக்கப்பட்ட, டச் இல்லாத 4ஜி போன் அது. 2018 செப்டம்பரில் அதற்கு வாட்ஸ்அப் வந்தது. அதிலும் கடைசியில் 2025 தொடக்கத்தோடு அந்த வசதி முடிந்துவிட்டது. ஆப் என்பது கம்பெனி நினைத்தால் போய்விடும் சமாச்சாரம். ஊரில் பேரன் பிறந்தால் முகம் பார்க்க ஆசை வரும். அதற்கு வீட்டில் இன்னொருவருடைய ஸ்மார்ட்போன் வேண்டும். இந்தக் குறையைச் சிறியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நெட்வொர்க்கும் யோசிக்க வேண்டிய விஷயம். அந்தக் காலத்துப் போன்கள் 2ஜி அல்லது 3ஜியில் ஓடுபவை. ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் இல்லை என்பதால் அந்த சிம் இதில் வேலை செய்யாது. ஏர்டெல், வி சிம்களில் மும்பையில் இன்னும் பேச முடிகிறது. 2ஜி என்றைக்கு மூடப்படுகிறதோ அன்றோடு இந்தப் போன்களின் ஆயுளும் முடியும்.

பணம்? இட்லி வியாபாரத்தில் இப்போது பாதி வரவு க்யூஆர் அட்டை வழியாகத்தான். ஸ்மார்ட்போன் இல்லாமல் எப்படி என்று கேட்பார்கள். வந்த பணத்தைச் சவுண்ட் பாக்ஸ் உரக்கச் சொல்லிவிடுவதால், வாங்குபவர் ஒவ்வொரு முறையும் போனைப் பார்க்க வேண்டியதில்லை. அனுப்புவதற்கும் வழி உண்டு. சாதாரண போன்களுக்கான யூ.பி.ஐ. 123பே சேவையை ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 8 அன்று தொடங்கிவைத்தது. ஒரு எண்ணுக்குக் கூப்பிட்டு, குரல் சொல்கிறபடி எண்களை அமுக்கிப் பணம் அனுப்பலாம். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் என்றிருந்த வரம்பை 10,000 ஆக்குவதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். அதற்கு முன்பிருந்தே *99# வழியும் இருக்கிறது. முதல் முறை பதிவு செய்ய வீட்டுப் பிள்ளைகள் யாராவது கூட இருந்து செய்துகொடுக்க வேண்டும். ரகசிய எண்ணைப் பெரியவர் தானே அடிக்கப் பழக வேண்டும், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லக் கூடாது. இதற்கும் பட்டன்தான் தோது.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கு

லாமிங்டன் ரோட்டிலும் மனீஷ் மார்க்கெட்டிலும் பழைய போன்கள் கிடைக்கும். கையில் எடுத்ததும் 1 முதல் ஹாஷ் வரை ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிப் பாருங்கள். பிறகு திரையின் நான்கு மூலைகளையும் நடுவையும் நகத்தால் தொட்டுப் பாருங்கள். தொட்ட இடத்துக்கும் திறக்கும் இடத்துக்கும் விலகல் இருந்தால், செட்டிங்ஸில் கேலிபரேஷன் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். உங்கள் சிம்மைப் போட்டுக் கடையிலேயே ஒரு அழைப்பு பேசிவிடுங்கள். மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். பல பழைய நோக்கியாக்களில் போடும் பி.எல்.-5சி பேட்டரி இன்றும் ரேடியோ, ஸ்பீக்கர் கடைகளில்கூடத் தொங்குகிறது; அதனாலேயே போலியும் அதிகம். அசல் பேட்டரிக்கே 2007இல் ஒரு சோதனை வந்தது. குறிப்பிட்ட காலத்தில் தயாரான 4 கோடியே 60 லட்சம் பி.எல்.-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்து, இலவசமாக மாற்றித் தந்தது. உப்பியிருக்கும் பேட்டரியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சமையலறையில் அடுப்புப் பக்கத்தில் சார்ஜ் போடவே கூடாது.

ஆகவே

பாதி டச் போனுக்கு என் மதிப்பீடு இது: பேசுவதற்கும், எண் அமுக்குவதற்கும், வந்த செய்தியைப் படிப்பதற்கும் இதைவிட நல்ல அமைப்பை நான் பார்க்கவில்லை. பட்டியல் ஓட்டுவதிலும் எழுதுவதிலும் சுமார். படம், முகம் பார்த்துப் பேசுவது என்று வந்தால் முடியாது. அதன் குறைகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்து மென்பொருளுக்கும் நெட்வொர்க்குக்கும் உரியவை. பட்டனையும் டச்சையும் பிரித்த விதத்தில் இருக்கும் குறை, நடுபட்டனை எடுத்ததும் இழுக்கக் கஷ்டமான பட்டியலும்தான். இரண்டையும் இன்று சுலபமாகச் சரிசெய்யலாம்.

அதனால்தான் புதிதாக ஒன்று யாராவது செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். 2025 அக்டோபரில் எச்.எம்.டி. நிறுவனம் ‘டச் 4ஜி’ என்று ஏறக்குறைய 4,000 ரூபாய்க்கு ஒரு போனை இந்தியாவில் கொண்டுவந்தது. சாதாரண போனுக்கும் ஸ்மார்ட்போனுக்கும் நடுவில் ஒரு வகை தேவை என்று ஒரு கம்பெனிக்குத் தோன்றியதே சந்தோஷம். அதில் எண் பட்டன்கள் இல்லை, முழுக்கத் திரைதான். எனக்கு வேண்டியது அதற்கு ஒரு படி பின்னால்: 4ஜி, பெரிய எழுத்து, முழுத் தமிழ் மெனு, மூன்று அங்குலத் திரை, அதற்குக் கீழே நன்றாக உள்ளே போய் வெளியே வரும் பட்டன்கள், பச்சை, சிவப்பு, நடுவில் ஒரு பட்டன். வயதானவர்களுக்கு மட்டுமில்லை, ஈரக் கையோடு வேலை செய்யும் மீன்காரம்மா, சலவைக்காரர், கொத்தனார், மெக்கானிக் என்று எத்தனையோ பேருக்கு அது உதவும்.

அதுவரை கடைக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். போனை வாங்கி வந்து பெரியவர்கள் கையில் கொடுக்காதீர்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். கவுன்டரில் போனை அவர்களிடமே கொடுத்து மூன்று வேலை செய்யச் சொல்லுங்கள்: திரையைப் பார்க்காமல் ஒரு எண்ணைக் கூப்பிடுவது, விரலை நனைத்துக்கொண்டு ஒரு அழைப்பை எடுப்பது, வந்த செய்தியிலிருந்து எண்ணைப் படித்துச் சொல்வது. நீங்கள் வாய் திறக்காதீர்கள், கைநீட்டி உதவாதீர்கள். மூன்றும் முடிந்தால் அந்தப் போன் பட்டனா டச்சா என்று யோசிக்கவே வேண்டாம், வாங்கிவிடுங்கள். ஒன்றில் தடுமாறினாலும் அடுத்த போனைக் கேளுங்கள். தினமும் அதைத் தூக்கப்போகும் கை எதுவோ, தீர்ப்புச் சொல்லும் உரிமையும் அதற்குத்தான்.